பச்சிளங் குழந்தை நுரையீரல் அழற்சியின் இடர்க் காரணிகள்

பச்சிளங் குழந்தை நுரையீரல் அழற்சி என்பது, பிறந்து 28 நாட்கள் நிறைவடையாத குழந்தைகளின் நுரையீரலில் நோய்த்தொற்றினால் ஏற்படும் அழற்சி ஆகும். இது பொது வழக்கில் நிமோனியா என அறியப்படுகின்றது. பாக்டீரியா, தீநுண்மம் (வைரசு), சில வேளைகளில் பூஞ்சை ஆகியவற்றால் இந்நோய் உண்டாகின்றது. ஒரு குழந்தைக்கு இந்நோய் ஏற்படும் வாய்ப்பைக் கூட்டுகின்ற நிலைமைகள் இதன் இடர்க் காரணிகள் எனப்படும். குறைமாதப் பிறப்பு, குறைந்த பிறப்பு எடை, பனிக்குடம் நெடுநேரம் முன்னதாக உடைதல், தாய்க்கு ஏற்படும் நோய்த்தொற்று, செயற்கைச் சுவாசம், தாய்ப்பால் கிடைக்காமை, புகை நிறைந்த வீடு ஆகியன இவற்றுள் முதன்மையானவை.

உலகில் 2022 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23 இலட்சம் குழந்தைகள் பிறந்த முதல் மாதத்திலேயே இறந்தனர். குறைமாதப் பிறப்பின் சிக்கல்கள், பிறப்பின்போது ஏற்படும் மூச்சுத்திணறல், நோய்த்தொற்றுக்கள் ஆகியவை இவ்விறப்புக்களின் முக்கிய காரணங்களாகும். நோய்த்தொற்றுக்களில் குருதி நச்சூட்டும் (செப்சிசு) நுரையீரல் அழற்சியும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன. வளர்ந்தவர்களில் இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் இருமலும் காய்ச்சலும் பச்சிளங் குழந்தைகளில் பெரும்பாலும் தோன்றுவதில்லை. எனவே எந்தக் குழந்தை இடரில் உள்ளது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது, நோயை உரிய நேரத்தில் கண்டறிய மிகவும் உதவுகின்றது.

இடர்க் காரணியும் நோய்க்காரணியும்

நோயை நேரடியாக உண்டாக்கும் கிருமி நோய்க்காரணி எனப்படும். அக்கிருமி நுரையீரலை அடைவதையோ, அங்கு பெருகுவதையோ எளிதாக்கும் நிலைமை இடர்க் காரணி ஆகும். இடர்க் காரணி இருக்கும் குழந்தைகள் எல்லாம் நோயுறுவதில்லை; இடர்க் காரணி எதுவும் இல்லாத குழந்தைக்கும் நோய் வரக்கூடும்.

இதற்கு பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா நல்ல எடுத்துக்காட்டாகும். கருவுற்ற பெண்களில் சுமார் 10 முதல் 30 விழுக்காட்டினரின் பிறப்புவழியிலும் மலக்குடலிலும் இது எவ்விதத் தொல்லையும் தராமல் வாழ்கின்றது. இத்தகைய 100 தாய்மார் குழந்தை பெறும்போது ஏறத்தாழ 50 குழந்தைகளின் உடலில் இக்கிருமி ஒட்டிக்கொள்கின்றது. தடுப்பு மருந்து எதுவும் தரப்படாவிட்டால், அவர்களுள் ஒன்றிரண்டு குழந்தைகளே கடும் நோய்க்கு ஆளாகின்றன. எஞ்சிய குழந்தைகளுக்கும் நோயுற்ற குழந்தைகளுக்கும் இடையேயான வேறுபாட்டைப் பெரும்பாலும் பிற இடர்க் காரணிகளே தீர்மானிக்கின்றன.

பச்சிளங் குழந்தையின் நுரையீரல்

கருப்பையில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரல் நீர்மத்தால் நிறைந்திருக்கும். பிறந்தவுடன் இந்நீர்மம் வெளியேறி அவ்விடத்தைக் காற்று நிரப்புகின்றது. நுரையீரலின் சிற்றறைகள் மூச்சை வெளிவிடும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் ஒரு பொருள் தேவைப்படுகின்றது. இப்பொருள் கருவின் 24 ஆவது வாரமளவில் உருவாகத் தொடங்கினாலும், சுமார் 35 ஆவது வாரத்திலேயே போதிய அளவை எட்டுகின்றது.

நோயெதிர்ப்பு ஆற்றலும் இவ்வாறே படிப்படியாக அமைகின்றது. பிறபொருளெதிரிகளுள் ஐ.ஜி.ஜி என்னும் வகை மட்டுமே நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்கின்றது. இதன் பெரும்பகுதி கருக்காலத்தின் கடைசி மூன்று மாதங்களில் கடத்தப்படுகின்றது. 28 ஆவது வாரத்தில் பிறக்கும் குழந்தை இந்தப் பங்கின் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றது.

இவற்றோடு, பச்சிளங் குழந்தையின் மூச்சுக்குழல்கள் ஒடுக்கமானவை. சிறிதளவு சளியும் அவற்றை அடைத்துவிடும். இருமும் அனிச்சைச் செயல் வலுவற்றது. நெஞ்சுக்கூடு மென்மையாக இருப்பதால், மூச்சிழுக்கும் முயற்சி கூடும்போது அது உட்குழிகின்றது. கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்களின் கையிருப்பும் குறைவாகும்.

நோய் தொற்றும் காலம்

கிருமி குழந்தையை அடையும் காலத்தைக் கொண்டு இந்நோய் வகைப்படுத்தப்படுகின்றது.

• பிறப்புக்கு முன்: தாயின் குருதியில் உள்ள கிருமி நஞ்சுக்கொடி வழியாகச் செல்லலாம். ருபெல்லா, சைட்டோமெகலோ தீநுண்மம், சிபிலிசு, லிஸ்டீரியா ஆகியவை இவ்வாறு தொற்றக்கூடியன.
• பிறப்பை ஒட்டி: பிறப்புவழியிலிருந்து மேலேறும் கிருமிகள் பனிக்குட நீரை அடைய, குழந்தை அந்நீரை நுரையீரலுக்குள் இழுக்கின்றது. பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ. கோலை ஆகியவை இவ்வகையில் முக்கியமானவை.
• பிறப்புக்குப் பின்: மருத்துவமனையிலோ வீட்டிலோ உள்ளவர்களின் கைகள், கருவிகள், மூச்சுத் திவலைகள் வழியாகக் கிருமிகள் வந்தடைகின்றன. க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், ஸ்டாஃபிலோகாக்கஸ், சுவாச ஒத்திசைவுத் தீநுண்மம் ஆகியவை இவற்றுட் சில.

முதல் இரண்டு வகைகளும் பெரும்பாலும் பிறந்த சில மணி நேரத்திலோ முதல் மூன்று நாட்களிலோ வெளிப்படுகின்றன. மூன்றாவது வகை அதன் பின்னர் தோன்றுகின்றது. தாயிடமிருந்து பிறப்பின்போது தொற்றும் கிளமிடியா கிருமி இதற்கு விலக்காகும். அது உண்டாக்கும் நுரையீரல் அழற்சி, வழக்கமாகக் குழந்தை பிறந்து சில வாரங்கள் கடந்த பின்னரே வெளிப்படும்.

இந்தப் பிரிவு நாட்டுக்கு நாடு ஒரே தன்மையாக அமைவதில்லை. தில்லியிலுள்ள மூன்று மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளிடையே 2011 முதல் 2014 வரை நடத்தப்பட்டு, 2016 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், குருதி நச்சூட்டுக்கு அசினெட்டோபாக்டர், க்ளெப்சியெல்லா, ஈ. கோலை ஆகியனவே முதன்மைக் காரணங்களாகக் காணப்பட்டன. மருத்துவமனைச் சூழலோடு தொடர்புடைய கிருமிகள் பிறந்த முதல் மூன்று நாட்களிலேயே நோயை உண்டாக்கியிருந்தன. அவற்றுட் பல, வழக்கமான நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்குக் கட்டுப்படாதவையாகவும் இருந்தன.

தாயையும் மகப்பேற்றையும் சார்ந்த காரணிகள்

பனிக்குடம் முன்னதாக உடைதல்

பனிக்குடப் பை குழந்தையைப் பிறப்புவழிக் கிருமிகளிடமிருந்து பிரித்து வைக்கும் தடுப்பாகும். இது உடைந்து 18 மணி நேரத்திற்கு மேலாகியும் குழந்தை பிறக்கவில்லையெனில், நோய்த்தொற்றின் இடர் குறிப்பிடத்தக்க அளவு கூடுகின்றது. 37 வாரங்களுக்கு முன்னர் பனிக்குடம் உடைவது மேலும் இடர் மிகுந்தது. வலியில்லாமல் நீர் மட்டும் வடிவதைச் சிறுநீர்க் கசிவு எனக் கருதிப் பெண்கள் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிப்பதுண்டு.

பனிக்குடத் தொற்றும் காய்ச்சலும்

பனிக்குட நீரிலும் அதைச் சூழ்ந்த சவ்வுகளிலும் தொற்று ஏற்படுமாயின், தாய்க்கு 38 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், விரைவான நாடித்துடிப்பு, நீரில் துர்நாற்றம் ஆகியவை காணப்படலாம். பிறப்புக்கு முன்னரே குழந்தை கிருமியுள்ள நீரைச் சுவாசிப்பதால், இது மிக வலுவான இடர்க் காரணிகளுள் ஒன்றாகும்.

பிற காரணிகள்

தாயின் சிறுநீரில் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காணப்படுதல், முன்னர் பிறந்த குழந்தைக்கு அக்கிருமியால் நோய் ஏற்பட்டிருத்தல், தூய்மையற்ற சூழலில் நிகழும் மகப்பேறு ஆகியனவும் இடரைக் கூட்டுகின்றன. தாயின் ஊட்டச்சத்துக் குறைபாடும் புகைபிடித்தலும் குறைமாதப் பிறப்புக்கும் எடைக்குறைவுக்கும் வழிகோலுவதால், மறைமுகமான இடர்க் காரணிகளாகின்றன.

குழந்தை கருப்பையிலேயே முதல் மலத்தைக் கழித்து, அது கலந்த நீரை உள்ளிழுப்பதும் குறிப்பிடத்தக்கது. பிறப்புக்களில் 10 முதல் 15 விழுக்காட்டில் பனிக்குட நீரில் மலம் கலந்திருந்தாலும், அக்குழந்தைகளுள் சிறு பகுதியினரே இதனால் நோயுறுகின்றனர். மலத்தினால் ஏற்படுவது முதலில் வேதிப்பொருளால் உண்டாகும் அழற்சியே; ஆயினும் காயமுற்ற நுரையீரலில் கிருமிகள் எளிதில் பெருகுகின்றன.

அறுவைச் சிகிச்சை மூலம் பிறந்த குழந்தைகளில் சிலருக்கு முதல் நாளில் விரைவான மூச்சு காணப்படும். நுரையீரல் நீர்மம் மெதுவாக வெளியேறுவதே இதன் காரணமாகும். இது தானாகவே சரியாகக்கூடியது. நுரையீரல் அழற்சி அன்று.

குழந்தையைச் சார்ந்த காரணிகள்

37 வாரங்கள் நிறைவடையும் முன் பிறத்தல் குறைமாதப் பிறப்பு எனப்படும். உலகில் 2020 இல் சுமார் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அதாவது பத்துக் குழந்தைகளுள் ஒன்று. இவர்களுக்கு நுரையீரல் முதிர்ச்சியும் தாயின் பிறபொருளெதிரிகளும் ஒருசேரக் குறைவாக உள்ளன. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒத்திசைக்கும் ஆற்றல் சுமார் 34 ஆவது வாரம் வரை முழுமையடையாததால், பால் மூச்சுக்குழலுக்குள் செல்லவும் வாய்ப்புண்டு.

பிறப்பு எடை 2,500 கிராமுக்குக் குறைவாக இருப்பது குறைந்த பிறப்பு எடையாகும். எடை குறையக் குறைய இடர் கூடுகின்றது. நிறைமாதத்தில் பிறந்தும் கருப்பையில் போதிய வளர்ச்சி பெறாத குழந்தைகளும் இதில் அடங்குவர்.

பிறவிக் குறைபாடுகளுள், உணவுக்குழலுக்கும் மூச்சுக்குழலுக்கும் இடையே தவறான இணைப்பு அமைவது மிக முக்கியமானது. இது ஏறத்தாழ 3,500 பிறப்புக்களில் ஒன்றில் காணப்படுகின்றது. வாயில் நுரைத்த எச்சில் ஓயாது வழிதலும், முதற்பால் கொடுத்தவுடன் குழந்தை நீலம் பாரித்தலும் இதன் அடையாளங்களாகும். அண்ணப்பிளவு, பிறவி இதயக் குறைபாடுகள், நரம்புத்தசைத் தளர்ச்சி ஆகியனவும் இடரைக் கூட்டுகின்றன. பச்சிளம் பருவத்து நோய்த்தொற்றுக்கள் ஆண் குழந்தைகளிடம் சற்று மிகுதியாகக் காணப்படுகின்றன.

மருத்துவமனைச் சூழலைச் சார்ந்த காரணிகள்

உயிரைக் காக்கும் சிகிச்சையே சில வேளைகளில் புதிய இடருக்கு வழிவகுக்கின்றது. செயற்கைச் சுவாசத்திற்காக மூச்சுக்குழலில் செலுத்தப்படும் குழாய், கிருமிகளை வடிகட்டும் மூக்கையும் தொண்டையையும் தாண்டிச் செல்கின்றது. சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்களின் செயலும் தடைப்படுகின்றது. குழாயின் உட்பரப்பில் கிருமிகள் படலமாகப் படிகின்றன. செயற்கைச் சுவாசம் தொடங்கி 48 மணி நேரத்திற்குப் பின் தோன்றும் நுரையீரல் அழற்சி, அக்கருவியோடு தொடர்புடையதாகக் கருதப்படுகின்றது. குழாய் உள்ள நாட்கள் கூடக்கூட இடரும் கூடுகின்றது.

ஒரே வெப்பமூட்டியின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்தல், செவிலியர் பற்றாக்குறை, கைகழுவும் வசதியின்மை, சளி உறிஞ்சும் குழாய்களைப் பகிர்ந்து பயன்படுத்தல் ஆகியவை கிருமிகளைக் குழந்தைக்குக் குழந்தை கொண்டு செல்கின்றன. தேவையின்றி நீண்ட நாட்கள் நுண்ணுயிர் எதிர்ப்பி தருவது, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் மட்டும் எஞ்சிப் பெருக இடமளிக்கின்றது. இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளும் குறைமாதக் குழந்தைகளில் நோய்த்தொற்றைக் கூட்டக்கூடியன.

வீட்டுச் சூழலைச் சார்ந்த காரணிகள்

தாய்ப்பால் கிடைக்காமை

பிறந்த முதல் நாட்களில் சுரக்கும் சீம்பாலில் ஐ.ஜி.ஏ வகைப் பிறபொருளெதிரிகள் செறிந்துள்ளன. இவை தொண்டையிலும் குடலிலும் கிருமிகள் ஒட்டாதவாறு காக்கின்றன. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, 'சேனை வைத்தல்' என்னும் பெயரில் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால் போன்றவற்றைப் புகட்டும் வழக்கம் தமிழ்நாட்டின் சில பகுதிகளில் இருந்து வந்துள்ளது. இதனால் குழந்தை பாதுகாப்பை இழப்பதுடன், கிருமிகளையும் பெறக்கூடும்.

உள்ளிழுத்தல்

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுதல், வாயால் மூக்கில் ஊதிச் சளியெடுத்தல், அழும் குழந்தையின் வாயில் மருந்தையோ விளக்கெண்ணெயையோ வலிந்து புகட்டுதல் ஆகிய வழக்கங்கள் தீங்கானவை. நுரையீரலுக்குள் செல்லும் எண்ணெய் இருமலைத் தூண்டாமலே உட்சென்று, கொழுப்பு நுரையீரல் அழற்சி என்னும் நோயை உண்டாக்குகின்றது. தென்னிந்தியக் குழந்தைகளிடம் இது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. பாலாடையால் பால் புகட்டுவது தவறன்று; உறிஞ்ச இயலாத குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் அது பயன்படுகின்றது. குழந்தையின் தலையை உயர்த்தி, அது விழுங்குவதற்கு ஏற்பச் சிறிது சிறிதாகத் தருதல் வேண்டும்.

புகை

விறகு, வறட்டி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் புகையும் புகையிலைப் புகையும் மூச்சுக்குழல்களின் நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கின்றன. ஆயினும் ஒரு காரணியை மட்டும் நீக்குவது எப்போதும் எதிர்பார்த்த பயனைத் தருவதில்லை. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் சுமார் 3,200 கருவுற்ற பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்குச் சமையல் எரிவாயு அடுப்பு வழங்கப்பட்டது. இந்தியாவில் இவ்வாய்வு தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில் நடைபெற்றது. 2024 இல் வெளியான முடிவின்படி, முதல் ஆண்டில் குழந்தைகளுக்கு ஏற்படும் கடும் நுரையீரல் அழற்சி இதனால் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

நெருக்கமும் குளிரும்

ஒரே அறையில் பலர் உறங்கும் வீடுகளில், மூத்த குழந்தைகளின் சாதாரணத் தடிமன் பச்சிளங் குழந்தைக்குக் கடும் நோயாக மாறலாம். சுவாச ஒத்திசைவுத் தீநுண்மம் இவ்வாறு பரவுவதாகும். உடல் வெப்பம் குறைவது குழந்தையின் எதிர்ப்பாற்றலைக் குன்றச் செய்கின்றது. ஆனால் பாலூட்டும் தாய் 'குளிர்ச்சியான' உணவை உண்பதால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்னும் நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை. தடிமன் உள்ள தாயும் கைகழுவி, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு பாலூட்டலாம்.

காரணிகளின் தொடர்

இடர்க் காரணிகள் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. ஒன்று மற்றொன்றை இழுத்து வருகின்றது. சான்றாக, தாயின் பிறப்புவழித் தொற்று பனிக்குடத்தை முன்னதாக உடையச் செய்யலாம். அதனால் குழந்தை குறைமாதத்தில் பிறக்கின்றது. முதிராத நுரையீரலுக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படுகின்றது. குழந்தை தாயிடமிருந்து பிரிக்கப்படுவதால் தாய்ப்பால் கிடைப்பது தாமதமாகின்றது. முதல் நோயிலிருந்து மீண்ட குழந்தை, இரண்டாவது வாரத்தில் மருத்துவமனைக் கிருமியால் மீண்டும் நோயுறலாம்.

இத்தொடரின் எந்தக் கண்ணியை அறுத்தாலும் அதன் பின் வருவன வலுவிழக்கின்றன. மேலே கூறிய காரணிகளுட் பலவற்றை முற்றாக நீக்க இயலாவிடினும், தடுப்பு முயற்சி பயனுள்ளதாக அமைவது இதனாலேயே ஆகும்.

அறிகுறிகளும் கண்டறிதலும்

கீழ்வரும் அறிகுறிகளுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டாலும் குழந்தையை உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

• நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு (குழந்தை அமைதியாக இருக்கும்போது முழு நிமிடம் எண்ணவேண்டும்)
• மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி ஆழமாக உட்குழிதல்
• மூச்சை வெளிவிடும்போது முனகல், மூக்குத்துளை விரிதல்
• நன்கு பால் குடித்த குழந்தை குடிக்க மறுத்தல்
• தூண்டினால் மட்டும் அசைதல், வலிப்பு
• காய்ச்சல், அல்லது உடல் வெப்பம் 35.5 பாகை செல்சியசுக்குக் குறைதல்
• உதடும் நாக்கும் நீலம் பாரித்தல்

மார்பு ஊடுகதிர்ப் படம் கண்டறிதலுக்கு உதவினாலும், குறைமாதக் குழந்தைகளின் முதிரா நுரையீரல் நோயும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அழற்சியும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். குருதி வளர்ப்புச் சோதனையின் முடிவு வர ஓரிரு நாட்களாகும். எனவே மூச்சுத்திணறலும் இடர்க் காரணியும் ஒருங்கே உள்ள குழந்தைக்கு, முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கப்படுகின்றது. ஆம்பிசிலின் அல்லது பெனிசிலினுடன் ஜென்டாமைசின் சேர்த்துத் தருவது வழக்கமான முதல் சிகிச்சையாகும். உயிர்வளி, வெப்பம் பேணல், ஊட்டம் ஆகியவையும் இன்றியமையாதவை.

தடுப்பு

• கருக்காலத்தில்: சிபிலிசு, சிறுநீர்த் தொற்று முதலியவற்றைக் கண்டறிந்து குணப்படுத்தல். குறைமாதத்தில் பிறக்கக்கூடிய நிலையில் தாய்க்கு இசுட்டீராய்டு ஊசி தருவது குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்கின்றது. இதனை நியூசிலாந்தைச் சேர்ந்த லிகின்ஸ், ஹோவி ஆகியோர் 1972 இல் எடுத்துக்காட்டினர்.
• மகப்பேற்றின்போது: தூய்மையான மகப்பேறு, இடரிலுள்ள தாய்க்கு நுண்ணுயிர் எதிர்ப்பி தருதல். ஐக்கிய அமெரிக்காவில் எல்லாக் கருவுற்ற பெண்களையும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கசுக்காகச் சோதிக்கும் முறை 2002 இல் பரிந்துரைக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 1.7 அளவில் இருந்த இந்நோயின் முதல்வார வடிவம், தடுப்பு மருந்து முறைகளால் பின்னர் 0.25 அளவுக்குக் குறைந்தது.
• பிறப்புக்குப் பின்: முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், குழந்தையைத் தொடுமுன் கைகழுவுதல், புகையற்ற அறை. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வில், எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு, முதல் 28 நாட்களின் இறப்பை 25 விழுக்காடு குறைத்தது.

இந்தியாவில் நியூமோகாக்கசுக்கு எதிரான தடுப்பூசியின் முதல் தவணை ஆறாவது வாரத்திலேயே தரப்படுகின்றது. எனவே முதல் மாதத்தில் குழந்தை பெரும்பாலும் தாயிடமிருந்து பெறும் பாதுகாப்பையே நம்பியுள்ளது. இவ்வடிப்படையில் உருவாக்கப்பட்ட, கருவுற்ற பெண்களுக்குரிய சுவாச ஒத்திசைவுத் தீநுண்மத் தடுப்பூசிக்கு ஐக்கிய அமெரிக்கா 2023 இல் ஒப்புதல் அளித்தது.

கட்சிரோலி ஆய்வு

மருத்துவமனை எட்டாத இடங்களிலும் இவ்விடர்களைக் குறைக்க இயலும் என்பதை, மகாராட்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பாங், ராணி பாங் ஆகியோரின் குழு எடுத்துக்காட்டியது. அங்கு 39 கிராமங்களில் பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள், பிறந்த குழந்தைகளை வீடுதோறும் சென்று பார்த்தனர். எடை குறைந்த குழந்தைகளை அடையாளம் காணுதல், வெப்பம் பேணல், தாய்ப்பாலூட்ட உதவுதல், நோய்த்தொற்றின் அறிகுறிகளை அறிந்து நுண்ணுயிர் எதிர்ப்பி தருதல் ஆகியவற்றை அவர்கள் செய்தனர். 1999 இல் வெளியான முடிவின்படி, மூன்றாம் ஆண்டில் பச்சிளங் குழந்தை இறப்பு வீதம், ஒப்பீட்டுக் கிராமங்களை நோக்க 62 விழுக்காடு குறைந்திருந்தது. இந்தியாவில் 2011 முதல் ஆஷா பணியாளர்கள் மேற்கொள்ளும் வீடுசார் பச்சிளங் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்திற்கு இவ்வாய்வு முன்னோடியாக அமைந்தது.

இவற்றையும் பார்க்கவும்

• நுரையீரல் அழற்சி
• குறைப்பிரசவம்
• தாய்ப்பாலூட்டல்
• கங்காரு பராமரிப்பு